மூன்று வீடு தள்ளி

அம்சவேணி ஏற்றிய மெழுகுவத்தியின் வாசனை அவள் வீட்டில் வராமல் மூன்று வீடு தள்ளி ஜெசிந்தாவின் சமையலறையில் வரத் தொடங்கியது ஆவணி மாதம் இரண்டாவது புதன்கிழமை, பகல் பதினொரு மணிக்கு. அன்று காலனிக்குத் தண்ணீர் விடும் நாள் என்பதால் குடத்தோடு நின்றவர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலனி என்பது கோயம்புத்தூருக்குக் கிழக்கே ரயில்வே காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபடி ஒரே வரிசையில் நிற்கும் நாற்பத்தாறு வீடுகள். பஞ்சாலை ஓடிய காலத்தில் தொழிலாளர்களுக்காகக் கட்டியது. ஆலை மூடிவிட்டது, வீடுகள் மட்டும் மிஞ்சின. பதினோராம் நம்பரில் இருந்த அம்சவேணி அந்த ஆலையின் நூல் சோதனைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். நூலை விரலில் சுற்றிப் பார்த்தே அது எத்தனையாம் நம்பர் பருமன் என்று சொல்வாள், சொன்னது தப்பினதில்லை. ஆலை மூடியதும் அவள் கணவன் வெள்ளியங்கிரியின் அக்கா, டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இடம் பிடித்து வைத்திருந்தாள். பத்து மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை, உட்கார ஸ்டூல் கிடையாது. "ஒரு வருஷம் பொறுங்க, மெழுகுவத்தி செஞ்சு பாக்கறேன், அடுத்த ஐப்பசி முடியறதுக்குள்ள ஒரு கடைக்காவது ஆர்டர் பிடிக்கலைன்னா நானே போயி நிக்கறேன்" என்று அம்சவேணி சொல்லியிருந்தாள். சொல்லும்போது ஐப்பசி எங்கோ தூரத்தில் இருந்தது.

சோயா மெழுகைச் சீவலாக வாங்கி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து உருக்கி, சூடு பார்த்து வாசனை எண்ணெய் கலந்து, கண்ணாடிக் குவளையில் ஊற்றி, இரண்டு வாரம் மூடி வைத்துப் பிறகு ஏற்ற வேண்டும். அந்த இரண்டு வாரம்தான் அவளைக் கொன்றது. திரியை அவளே முறுக்கினாள், பழைய ஆலை நூலில். எட்டு இழைத் திரி போட்டால் சுடர் சோனியாகி மெழுகை நடுவில் மட்டும் கிணறு தோண்டி, ஓரமெல்லாம் உருகாமல் மதில் போல் நின்றது. பதினாறு இழை போட்டால் திரித்தலையில் காளான் மாதிரிக் கரி பூத்துக் கண்ணாடி கறுத்தது. பன்னிரண்டு இழைதான் சரி. மூன்று மணி நேரத்தில் மெழுகு ஓரம் வரை சமமாக உருகிக் குளமாக நின்றது, புகை இல்லை, சுடர் ஆடவில்லை. எல்லாம் சரியாக இருந்த அந்தப் பன்னிரண்டு இழைத் திரியில்தான் வாசனை இல்லை.

நூற்றுக்கு ஆறு பங்கு எண்ணெய் போட்டாள், இல்லை. எட்டு போட்டாள், இல்லை. பத்து போட்டாள், கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், மின்விசிறியை நிறுத்தினாள், வேர்த்து ஊற்ற மூன்று மணி நேரம் சுடருக்கு முன்னால் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள், தும்மல்தான் வந்தது. மாலையில் பதினான்காம் நம்பர் ஜெசிந்தா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, எங்கூட்டுக்குள்ள என்னத்தக் கொட்டுனீங்க?"

"நான் எதுக்கு ஜெசிந்தா உங்கூட்டுக்கு வர்றேன்?"

"போன தடவை லேசா வந்துச்சு, சரி நல்லாத்தான் இருக்குதுன்னு விட்டேன். இன்னிக்கு சாம்பார்ல கரண்டியப் போட்டா எலுமிச்சம்புல்லு, குழந்தைக்குப் பால் ஆத்துனா எலுமிச்சம்புல்லு, அவரு சட்டையக் கழட்டுனா அதுலயும் எலுமிச்சம்புல்லு. தலைய வெட்டி வெச்சரலாம்னு இருக்குது."

எலுமிச்சம்புல் எண்ணெய்தான் அன்று அம்சவேணி போட்டது. நடுவில் இருந்த பன்னிரண்டிலும் பதின்மூன்றிலும் போய் மோந்து பார்த்தாள், ஒன்றுமில்லை. பதினான்கின் வாசற்படியில் காலை வைத்ததும் முகத்தில் அறைந்தது.

அவள் சோதனைக்காரி. அதிசயம் என்று கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார அவளுக்கு நேரமில்லை. எட்டு இழைத் திரியை ஏற்றிவிட்டு ஓடிப் பார்த்தாள், வாசனை பதின்மூன்றில் இருந்தது. பதினாறு இழையை ஏற்றிவிட்டு ஓடினாள், பதினைந்தில் இருந்தது. நாலு இழைக்கு ஒரு வீடு. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சரி, மழை பெய்தாலும் சரி, வாசனை கதவுகளை எண்ணிக்கொண்டு மேல் நம்பர் பக்கமாக மட்டும் போயிற்று. அப்படியானால் அவள் வீட்டிலேயே வாசனை நிற்க வேண்டுமென்றால் இழையே இல்லாத திரி வேண்டும். நாலு இழைக்குக் கீழே போனாலே சுடர் கால் மணி நேரத்தில் மெழுகில் முங்கிச் செத்தது. மூன்று இழை, இரண்டு இழை, ஒற்றை இழை என்று பதினேழு குவளையை வீணாக்கிய பிறகு அவள் கரண்டியைச் சுவரில் எறிந்தாள். வெள்ளியங்கிரி கரண்டியை எடுத்துக் கழுவி வைத்தான்.

"எனக்கென்ன தெரியும் புள்ள, இருபது வருஷமா மோட்டார் காயிலுக்கு வார்னிஷ் அடிச்ச மூக்கு. நீ பெட்ரோலையே ஊத்துனாலும் எனக்கு ஒண்ணுதான்" என்றான். அது ஆறுதலா நக்கலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

காலனி இதை இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டது. தெருவிளக்கு பகலில் எரிவதையும், ரேஷன் கடையில் சர்க்கரை வராததையும் பழகிக்கொண்ட மாதிரி பழகிக்கொண்டது. இருபதாம் நம்பரில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முப்பத்தாறு இழையில் மரிக்கொழுந்து ஏற்றச் சொல்லி ஆள் வந்தது. முப்பத்தொன்றில் சாவு விழுந்தால் எண்பது இழையில் சந்தனம் கேட்டு ஆள் வந்தது. இருபத்தேழில் ஒருவர் காபி குடிப்பதை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார், வாசனையாவது வரட்டும் என்று காலை ஆறரைக்கு வந்து நின்றார். சங்கச் செயலாளர் நஞ்சப்பன், தொலைபேசித் துறையில் லைன் பார்த்து ஓய்வு பெற்றவர், அறிவிப்புப் பலகையில் தண்ணீர் விடும் நேரத்துக்குக் கீழே வாசனை விடும் நேரத்தையும் எழுதினார். யாருக்கும் எதற்கும் வியப்பு இல்லை. புகார் மட்டும் நிறைய இருந்தது. ஒன்று முதல் பத்து வரை உள்ள கீழ் நம்பர் வீட்டுக்காரர்கள், தங்களுக்கு ஒரு துளி வாசனைகூட வராமல் மேல் நம்பர்களுக்கே எல்லாம் போவது சங்க விதிக்கு மாறானது என்று கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். அம்சவேணி வீட்டைக் காலி செய்து ஒன்றாம் நம்பருக்குப் போய்விட்டால் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் என்று ஒரு யோசனையும் அதில் இருந்தது.

"எனக்கு ஆர்டர் வேணுங்கண்ணா. ஏத்தற எடத்துல வாசம் வரோணும். அதுக்கு வழி சொல்லுங்க" என்று அம்சவேணி நஞ்சப்பனிடம் மல்லுக்கு நின்றாள். "நீங்க எட்டாம் நம்பர். உங்கூட்டுல பன்னெண்டு இழை எரிஞ்சா வாசம் எங்கூட்டுக்கு வரும். ஒரே ஒரு தடவை. ஜெசிந்தா வூட்டுச் சாம்பாரோட மோந்தா கணக்குப் புரியலை. நான் மோந்து பாத்தாத்தானே எண்ணெய் கூடவா கொறையவான்னு தெரியும்?"

"பொறுப்புல இருக்கறவன் ஒருத்தருக்கு மட்டும் சலுகை பண்ண முடியாது அம்மிணி. கூட்டத்துல வெக்கறேன்."

கூட்டத்தில் வைத்தார்கள், தீர்மானமும் ஆனது. ஆனால் நஞ்சப்பனின் மனைவிக்கு ஆள் பார்க்காத நெருப்பு வீட்டுக்குள் இருக்கக் கூடாது. அம்சவேணி சுடரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வரை அந்த அம்மாள் சும்மா இருப்பாள். மோந்து பார்ப்பதற்காகத் தன் வீட்டுக்கு அவள் ஓடிய மறு நிமிஷம் "ப்பூ" என்று ஊதிவிடுவாள். நான்கு நாள் நான்கு தடவை ஓடினாள். நான்கு தடவையும் அவள் வாசலுக்குப் போய்ச் சேரும்போது வாசனை கிளம்பிப் போயிருந்தது. நல்லா இருந்துச்சா என்று வெள்ளியங்கிரியிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது.

புரட்டாசியில் ஒரு மாதிரியை டவுன் மெயின் ரோட்டில் பரிசுப் பொருள் கடை வைத்திருந்த உமையாளிடம் கொடுத்திருந்தாள். திருமணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்க மெழுகுவத்தி கேட்கிறார்கள், நல்லதாக இருந்தால் மாதம் இருநூறு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்த பெண்மணி. ஐப்பசி பிறந்து மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"வீட்ல ஏத்திப் பார்த்தேங்க. பார்க்க அழகா இருக்கு, வாசனைதான் இல்ல. தப்பா நினைக்காதீங்க, இன்னொரு சான்ஸ் தரேன். வர்ற வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு என் கடைக்கே வந்து என் முன்னாடி ஏத்துங்க. வாசனை வந்தா ஆர்டர், வரலைன்னா விட்டுரலாம்."

வெள்ளிக்கிழமைக்கு அடுத்த திங்கள் ஐப்பசி கடைசி. ஜவுளிக்கடையில் சீருடைச் சேலையின் ரவிக்கைக்கு அளவு கேட்டிருந்தார்கள்.

அம்சவேணி அழவில்லை, அடுப்படியில் உட்கார்ந்து வாசனை எண்ணெய்ப் புட்டிகளை ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குழாயடியில் விஷயம் தெரிந்ததும் காலனி அவள் வாசலில் கூடிவிட்டது. யோசனை சொன்னது ஜெசிந்தா.

"இதுல என்னங்க்கா கஷ்டம்? நாலு இழைக்கு ஒரு கதவு. இங்கிருந்து அந்தக் கடைக்கு எத்தனை கதவுன்னு எண்ணிட்டா போச்சு. நீங்க அங்க சும்மா ஒரு மெழுகுவத்திய ஏத்திட்டு உக்காருங்க. நாங்க இங்க பெருசா ஏத்தறோம்."

"அது ஏமாத்து வேலை ஜெசிந்தா. இருபத்திரண்டு வருஷம் நான் ஒரு நூல் கோனுக்குக்கூடப் பொய்யா கையெழுத்துப் போட்டதில்லை."

"வாசம் வருதா, வருது. அப்புறம் எங்கிருந்து வந்தா அவங்களுக்கென்ன? குழாயில தண்ணி வருது, எந்த டேம்ல இருந்துன்னு கேட்டுட்டா குடிக்கறோம்?"

அம்சவேணிக்குப் பதில் இருந்தது. ஆனால் கூடவே முழங்கால் வலியும் இருந்தது, பத்து மணி நேரமும் இருந்தது. எழுந்து நூல் கோன்களை எடுத்து வைத்தாள்.

வியாழன் காலை காலனியில் பாதிப் பேர் செருப்பை மாட்டிக்கொண்டு கதவு எண்ணக் கிளம்பினார்கள், நஞ்சப்பன் முன்னால் நோட்டோடு நடக்க, அவர் பின்னால் ஜெசிந்தா, அவள் பின்னால் மனுக் கொடுத்த கீழ் நம்பர்காரர்கள், தங்களுக்கு வராத வாசனை வேறு எங்கே போகிறது என்று பார்க்க. வாசனையும் சாலை விதிப்படி இடது பக்கம்தான் போகும் என்று நஞ்சப்பன் முடிவு சொன்னார், இடது பக்கம் மட்டும் எண்ணினார்கள். ஷட்டர் கதவா என்று கேள்வி வந்தது, கதவுதான் என்று ஆனது. டீக்கடைக்குக் கதவே இல்லையே என்று ஒருவர் நின்றார், டீக்கடைக்காரர் இரவில் தட்டி வைத்து மூடுவதாகச் சொன்னதும் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளையார் கோயிலை எண்ணுவதா என்று அரை மணி நேரம் சண்டை. உமையாள் கடைக்குக் கொஞ்சம் முன்னால் புதிதாக எழும்பியிருந்த அடுக்குமாடியில் அறுபத்துநான்கு வீடுகள் இருந்தன. அங்கே நஞ்சப்பன் தயங்கவே இல்லை. "சங்க விதி என்ன? ஒரு கதவெண்ணுக்கு ஒரு ஓட்டு. வாசல் கேட்டுல ஒரே நம்பர்தான் போட்டிருக்குது. ஒண்ணு" என்று எழுதிவிட்டு நடந்தார். மொத்தம் தொள்ளாயிரத்து மூன்று கதவு.

மூவாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு இழை. அன்று பகல் முழுக்க நாற்பத்தாறு வீட்டு வாசலிலும் நூல் முறுக்கினார்கள். அம்சவேணி ஒவ்வொரு வாசலாகப் போய் விரலால் தொட்டுப் பார்த்து, குறைந்த இடத்தில் சேர்த்து, கூடின இடத்தில் பிரித்து, தேர் வடம் மாதிரி ஒரு திரியைத் தன் வீட்டு நடுக்கூடத்தில் கல்யாண அண்டாவுக்குள் நிறுத்தினாள். ஒரு குவளைக்கு மட்டும் எடுத்து வைத்துவிட்டு, இருந்த மெழுகு முழுவதையும், மரிக்கொழுந்து எண்ணெய் முழுவதையும், அது பற்றாமல் மற்றப் புட்டிகளையும் அதில் ஊற்றினாள்; இரண்டு வாரம் மூடி வைக்க நேரமில்லை. உமையாள் கடைக்கு எடுத்துப் போக வாசனை போடாத வெறும் மெழுகில் ஒரு குவளை, பன்னிரண்டு இழைத் திரியோடு, தனியாக ஊற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவள் கடைக்குள் நுழைந்தபோது உள்ளே வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. காரணம் நுழைந்ததுமே தெரிந்தது: ரப்பர் எரிகிற நாற்றம். அந்தக் கடையிலிருந்து மூன்றாவது ஷட்டரில் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை வந்து ஒரு மாதமாகிறதாம். உமையாள் மேசைக்குப் பின்னால் புடவைத் தலைப்பை மூக்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, உக்காருங்க. பாத்தீங்களா என் நிலைமைய? வெள்ளிக் குத்துவிளக்க எடுத்துப் பாக்கறாங்க, மோந்து பாக்கறாங்க, வெச்சிட்டுப் போயிடறாங்க. ஏத்துங்க, உங்க வாசனையாவது வரட்டும்."

அம்சவேணி ஏற்றினாள். பத்து நிமிடம் போனது. வாசனை வரவில்லை. செல்போன் அதிர்ந்தது, வெளியே வந்து எடுத்தாள். வெள்ளியங்கிரி.

"ஏ புள்ள, ஆளு உசரத்துக்கு எரியுது. சாக்க நனைச்சுட்டு ஆறு பேரு நிக்கறோம். அங்க வந்துருச்சா?"

"வரலைங்க."

"இங்கயும் இல்லீங்கறாங்க. அப்புறம் எங்கதான் போச்சு?"

அது சரியாக அறுபத்துமூன்று கதவு முன்னாலேயே, அந்த அடுக்குமாடிக்குள் ஒரு வீட்டில் நடந்த பல் ஆஸ்பத்திரியில் இறங்கிவிட்டிருந்தது. பல் பிடுங்க வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு மூக்கை மட்டும் திறந்து சாய்ந்து கிடந்தார்கள் என்றும், டாக்டரால் அன்று ஒரு பல்லையும் எடுக்க முடியவில்லை என்றும் பின்னால் தெரிந்தது. அந்த நேரத்தில் அம்சவேணிக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வருடம் போய்விட்டது என்பதுதான். உள்ளே போய் உட்கார்ந்தாள். குவளையில் திரியைச் சுற்றி மெழுகு சின்னக் குளமாக உருகத் தொடங்கியிருந்தது. சுடர் ஆடாமல் நின்றது. அது அப்படி ஒழுங்காக நின்றதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"மேடம், உண்மையச் சொல்லிடறேன். இதுல வாசனையே போடலைங்க. நான் ஏத்தற மெழுகுவத்தி எதுவும் ஏத்துன எடத்துல மணக்காது. பன்னெண்டு இழைக்கு மூணு கதவு தள்ளித்தான் மணக்கும். வேற எடத்துல இருந்து இங்க வர வெச்சு உங்களை ஏமாத்தலாம்னு வந்தேன். அதுவும் வரலை. நான் கிளம்பறேங்க."

உமையாள் தலைப்பை மூக்கிலிருந்து எடுத்திருந்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எதையோ தேடுகிறவர் போல மூச்சை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார்.

"ரப்பர் நாத்தம் எங்கங்க?"

அம்சவேணியும் இழுத்துப் பார்த்தாள். இல்லை. பதினைந்து நிமிடம் முன்னால் தொண்டையைக் கரித்த நாற்றம் துடைத்துவிட்ட மாதிரி இல்லை. வெளியே சத்தம் கேட்டு இருவரும் வாசலுக்குப் போனார்கள். மூன்றாவது ஷட்டரில் பட்டறைக்காரர் கையில் சுடச்சுட ரப்பர்த் துண்டைப் பிடித்து மூக்கருகே கொண்டு போய்க் கொண்டு போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், வெந்துச்சா வேகலையான்னு மோந்து பாத்துத்தான்யா எடுப்பேன். இன்னிக்கு ஒண்ணுமே தெரியலையே. எனக்கு மூக்கு போச்சா, ரப்பருக்கு ரப்பர்த்தனம் போச்சா?" என்று எதிர்க்கடைக்காரரிடம் கத்தினார். டயர் கருகிப் புகை வந்தது. புகை கண்ணில் குத்தியது, மூக்கில் ஒன்றுமில்லை.

அம்சவேணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆலையில் எந்தச் சோதனைக்கும் முதலில் ஒன்றும் சேர்க்காத வெறும் நூலைத்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். சாயம் ஏற்றியதெல்லாம் அதற்குப் பிறகு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொண்ட விஷயம். ஒரு வருடமாக ஆறு பங்கு, எட்டு பங்கு, பத்து பங்கு என்று புட்டி புட்டியாகக் கொட்டினாளே தவிர, ஒரே ஒரு நாள், ஒரே ஒரு குவளை, வெறும் மெழுகை ஏற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. வாசனை மட்டுமல்ல, வாசனை இல்லாததும் மூன்று கதவு தள்ளித்தான் போகிறது.

"வாசம் வரலை, அதனால ஆர்டர் இல்லைங்க. நீங்க சொன்னதுதான்" என்றாள்.

"இருங்க இருங்க, எங்க போறீங்க? இது எவ்வளவு நேரம் எரியும்?"

"நாப்பது மணி நேரம் எரியும். ஆனா மேடம், ஏத்துறவங்களுக்கு இதுல ஒரு பிரயோஜனமும் கிடையாது. மூணாவது வீட்டுல இருக்கற நாத்தந்தான் போகும். நல்ல வாசமா இருந்தாலும் அதுவும் போகும். நான் அட்டையில அப்படியேதான் எழுதுவேன். மாத்திச் சொல்லி விக்க மாட்டேன்."

"எழுதுங்க. பெருசாவே எழுதுங்க" என்றார் உமையாள், சுடரைக் கையால் காற்றுக்கு மறைத்துக்கொண்டே. "மூணு வீடு தள்ளி ஒரு நாத்தம் இல்லாதவன் இந்த ஊர்ல எவன் இருக்கான்? மாசம் இருநூறு பத்தாது, முந்நூறா கொடுங்க. பட்டறைக்காரர் ரப்பரை மோந்து பாக்கற நேரம் கேட்டு வெச்சிக்கறேன், அந்த அஞ்சு நிமிஷம் மட்டும் அணைச்சிடறேன். பாவம்."

ஆர்டர் படிவத்தில் 'வாசனை' என்று இருந்த கட்டத்தில் அம்சவேணி கோடு கிழித்தாள். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது காலனி முழுக்க ரயில்வே சுவர் ஓரமாக நின்றிருந்தது. வெள்ளியங்கிரிக்குப் புருவம் கருகியிருந்தது. அடுக்குமாடியை ஒன்று என்று எழுதியது யார் என்று கீழ் நம்பர்களும் மேல் நம்பர்களும் நஞ்சப்பனைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஆர்டர் கிடைத்துவிட்டது என்று அம்சவேணி சொன்னதும் ஒரு நிமிடம் கைதட்டினார்கள். எந்த வாசனைக்கு என்று கேட்டு, அவள் பதிலைக் கேட்டதும் கைதட்டல் நின்றது.

"வாசமே இல்லாததுக்கா?" என்றாள் ஜெசிந்தா. "அப்ப ரெண்டு மூணு மாசமா எங்கூட்டுச் சாம்பார்ல போட்டதெல்லாம் எதுக்குங்க்கா?"

"தெரியலை ஜெசிந்தா."

"இனிமே மரிக்கொழுந்து, சந்தனம், அந்தக் காபி, எதுவும் கிடையாதுங்களா?" என்று இருபத்தேழாம் நம்பர்க்காரர் நெஞ்சில் கைவைத்துக் கேட்டார்.

"கிடையாதுங்க. இருந்த எண்ணெயெல்லாம் அண்டாவோட போச்சு."

சிலர் அவளை ஏதோ பறித்துக்கொண்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அம்சவேணிக்கு இவர்களைத் திட்ட வேண்டும் போல இருந்தது. ஆர்டர் கிடைத்த நாளில் திட்டக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வீட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே நஞ்சப்பன் நோட்டைப் பிரித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"அம்மிணி, நில்லுங்க. அது சாக்கடை நாத்தத்துக்கும் கேக்குமா?"

"எதுக்கும் கேக்கும்."

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு முப்பதாம் நம்பர்ல செப்டிக் டேங்க் எடுக்க லாரி வருது. எத்தனை இழைன்னு சொன்னீங்கன்னா இப்பவே பலகையில எழுதிப் போடுவேன்."

அம்சவேணி வாசலில் நின்று அவரைப் பார்த்தாள். எழுதுவதற்குத் தயாராகப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"எழுபத்தாறு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.